பழைய அனல்மின் அலகுக்கு எந்த வழி? உயர்திறன் கொதிகலன், கார்பன் பிடிப்பு, வாயுவாக்கம்: ஓர் ஒப்பீடு

முப்பது ஆண்டுகள் ஓடிவிட்ட 500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்றை வைத்திருக்கும் மின் நிறுவனத்தின் முன் இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. அதை இடித்துவிட்டு, குறைந்த நிலக்கரியில் அதே மின்சாரத்தைத் தரும் உயர்திறன் அலகைக் கட்டலாம். இருக்கும் அலகின் புகைப்போக்கிக்கு முன்னால் கார்பன் பிடிப்பு ஆலையைப் பொருத்தலாம். நிலக்கரியை எரிக்காமல் வாயுவாக்கி, அந்த வாயுவிலிருந்தே கார்பனை முதலில் பிரித்துவிடலாம். காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனில் எரிக்கலாம். இவை எதுவும் வேண்டாம் என்று அலகை மூடியும் விடலாம். ஆய்வுக்கூடத்தில் எது சிறந்தது என்ற கேள்வியைவிட, அலகுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் இருக்கிறது, பிடித்த வாயுவை எங்கே வைப்பது, பிடிப்பதற்கான நீராவி எங்கிருந்து வரும் என்ற மூன்று கேள்விகளே இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது என் கருத்து. கீழே உள்ள ஒப்பீடும் அந்த மூன்றையே சுற்றி வருகிறது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. 'தூய நிலக்கரி' என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். சாம்பல் தூசியைப் பிடிக்கும் மின்னியல் வடிகட்டி, கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவும் கோபுரம், நைட்ரஜன் ஆக்சைடுகளை அம்மோனியாவின் உதவியால் சிதைக்கும் கருவி ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவை நன்கு தேறியவை. ஜப்பானில் யோக்கோஹாமா நகருக்குள்ளேயே இயங்கும் இசோகோ அனல்மின் நிலையம் அதற்குச் சான்று. ஆனால் தூசியும் கந்தகமும் எரிபொருளின் எடையில் ஒரு சிறு பங்குதான். கார்பனோ எரிபொருளின் உடலே. ஒரு டன் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 3.67 டன் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. உள்ளே போன பொருளைவிடக் கழிவின் எடை அதிகமாகிவிடும் இந்த நிலையை எந்த வடிகட்டியும் சந்தித்ததில்லை. எனவே கந்தகத்தைப் பிடித்த அனுபவத்தை வைத்துக் கார்பனையும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவது தொடக்கத்திலேயே தவறும்.

உயர்திறன் அலகு

நீரை 374 டிகிரி செல்சியஸுக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் கொதித்தல் என்ற நிலையே இல்லாமல் போகிறது. நீர், நீராவி என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. அந்த எல்லைக்குக் கீழே ஓடும் பழைய அலகுகள் நிலக்கரியின் வெப்பத்தில் 33 முதல் 37 விழுக்காட்டை மட்டுமே மின்சாரமாக்குகின்றன. எல்லையைத் தாண்டிய சூப்பர்கிரிட்டிக்கல் அலகுகள் 40 விழுக்காட்டை ஒட்டியும், 600 டிகிரியைத் தொடும் அல்ட்ரா சூப்பர்கிரிட்டிக்கல் அலகுகள் 45 விழுக்காட்டை ஒட்டியும் போகின்றன. இசோகோவின் இரண்டு அலகுகள், 2002-இலும் 2009-இலும் தொடங்கியவை, இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை.

இது புதிய எண்ணமும் இல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்கு அருகே எடிஸ்டோன் நிலையத்தின் முதல் அலகு 1960-ஐ ஒட்டியே 649 டிகிரிக்கு வடிவமைக்கப்பட்டது. உலோகம் அந்த வெப்பத்தைத் தாங்காததால் பின்னர் அதைக் குறைத்து ஓட்டினார்கள். 700 டிகிரியை எட்ட ஐரோப்பாவில் 1990-களின் இறுதியிலிருந்து ஆய்வு நடந்தும், அதற்குத் தேவைப்படும் நிக்கல் கலப்பு உலோகத்தின் விலை காரணமாக வணிக அலகு எதுவும் எழவில்லை. அறுபது ஆண்டுகளில் இத்துறையின் வேகத்தைக் கட்டுப்படுத்தியவர் பெரும்பாலும் உலோகவியலாளர்தான்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 950 கிராம் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும், 36 விழுக்காட்டுத் திறனுள்ள அலகை 45 விழுக்காட்டுக்கு மாற்றினால் அளவு 760 கிராமாகக் குறையும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். தொழில்நுட்ப ஆபத்து ஏறக்குறைய இல்லை, எரிபொருள் செலவும் குறைகிறது. ஐந்து வழிகளில் கணக்கர்களுக்கு மிகவும் பிடித்தது இதுவாகவே இருக்கும். ஆனால் இன்று கட்டும் கொதிகலன் நாற்பது ஆண்டு ஓடுவதற்காகவே கட்டப்படுகிறது. மூடும் வயதை நெருங்கிய அலகின் 950 கிராமுக்குப் பதிலாக, அடுத்த நாற்பது ஆண்டுக்கு 760 கிராமை உறுதிசெய்துகொள்வதை 'குறைப்பு' என்று எழுதும் அறிக்கைகள், எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்வியைக் கேட்பதில்லை.

எரித்த பின் பிடித்தல்

இருக்கும் அலகைக் கைவிடாமல் பெரும் அளவில் கார்பனைக் குறைக்கும் வழிகளில் வணிக அளவில் ஓட்டிப் பார்த்தது இது ஒன்றே. ஆகையால் இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 விழுக்காடுதான்; மீதி பெரும்பாலும் நைட்ரஜன். புகையைக் குளிர்வித்து ஓர் உயரமான கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள். மேலிருந்து அமீன் எனப்படும், அம்மோனியாவைச் சார்ந்த வேதிப்பொருளின் கரைசல் மழைபோல் இறங்குகிறது. 40 முதல் 50 டிகிரியில் அமீன் கார்பன் டை ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்ட கரைசலை இன்னொரு கோபுரத்துக்கு அனுப்பி 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். வெளியேறும் வாயுவை 100 பாருக்கு மேல் அமுக்கிக் குழாயில் அனுப்பலாம். கரைசல் மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும்.

காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையில் அந்தக் கரைசலே ஆலையின் உடல்நிலையைக் காட்டிக்கொடுக்கும். புதிதாக ஊற்றும்போது நிறமற்றுத் தெளிந்திருக்கும் மோனோஎத்தனோலமீன் என்ற அமீன், புகையில் எஞ்சிய ஆக்சிஜனாலும் கந்தக டை ஆக்சைடாலும் சிதைந்து, நாட்கள் செல்லச் செல்லக் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறுகிறது. வடிகட்டியில் தப்பி வரும் நுண்சாம்பல் அதில் கலந்து நுரையைக் கிளப்புகிறது. வெப்பப் பரிமாற்றிகளில் படிகிறது. பழைய கரைசலைப் பிரித்தெடுத்துக் காய்ச்சி மீட்பதும், மீட்க முடியாத கசடை அபாயக் கழிவாக அகற்றுவதும் அன்றாட வேலையாகிவிடுகின்றன. மின் நிலையம் நடத்துவோர் தாம் ஒரு வேதியியல் ஆலையை வாங்கிவிட்டதை உணர்வது இந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வெப்பம். நமது 500 மெகாவாட் அலகு, 36 விழுக்காட்டுத் திறனில், மணிக்குச் சுமார் 475 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. அதில் 90 விழுக்காட்டைப் பிடிப்பதென்றால் மணிக்கு 427 டன். பழைய வகை அமீனுக்கு ஒரு டன்னை விடுவிக்க சுமார் 3.5 கிகாஜூல் வெப்பம் வேண்டும். அதாவது 415 மெகாவாட் வெப்பம், கொதிகலனில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் முப்பது விழுக்காடு. இது டர்பைனில் பெரும்பகுதி வேலையை முடித்துவிட்ட குறைந்த அழுத்த நீராவியாகவே எடுக்கப்படுவதால் இழக்கும் மின்சாரம் அதே விகிதத்தில் இருப்பதில்லை. ஆயினும் அமுக்கிகளும் விசிறிகளும் இழுக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. டன்னுக்கு 2.5 கிகாஜூலை ஒட்டி வரும் புதிய கரைசல்கள் இந்த இழப்பைத் தணிக்கின்றன, நீக்குவதில்லை.

அப்படியானால் 500 மெகாவாட் 375 ஆகிறது. வெளியேறுவது மணிக்கு 475 டன்னிலிருந்து 47 டன்னாகக் குறைகிறது. யூனிட்டுக்கு 127 கிராம். விளம்பரத் தாளில் வரும் எண் இதுதான். குறைந்துபோன 125 மெகாவாட்டை இன்னொரு பழைய நிலக்கரி அலகு ஈடுகட்டினால், அது விடும் 119 டன்னையும் சேர்த்து, அதே 500 மெகாவாட்டுக்கு யூனிட்டுக்குச் சுமார் 332 கிராம் ஆகிவிடும். 90 விழுக்காடு என்று தொடங்கியது 65 விழுக்காட்டில் வந்து நிற்கிறது. செலவிலும் இதே கதைதான்: பிடித்த டன்னும், ஈடுகட்டும் அலகின் புகையைக் கழித்தபின் உண்மையில் தவிர்த்த டன்னும் ஒன்றல்ல. மேற்படி எண்களின்படி, பிடித்த டன் ஒன்றுக்கு 60 டாலர் ஆனால் தவிர்த்த டன்னுக்கு 83 டாலர் ஆகிறது. இரண்டு ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடுபவர் எந்த டன் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வழியில் வணிக அளவில் கண்டறிந்த பாடங்களில் பெரும்பகுதி இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பவுண்டரி டேம் நிலையத்தின் மூன்றாம் அலகு 2014 அக்டோபரில் பிடிப்பைத் தொடங்கியது. சுமார் 115 மெகாவாட் நிகரத் திறனுள்ள, பழுப்பு நிலக்கரி எரிக்கும் சிறிய அலகு அது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்பது திட்டம். முதல் 10 லட்சம் டன்னை எட்டியது 2016-இன் நடுவில். 2021-இல் முதன்மை அமுக்கியின் மோட்டார் பழுதானபோது பிடிப்பும் நீண்ட காலம் தடைபட்டது. அதே நிறுவனம் அருகிலுள்ள நான்காம், ஐந்தாம் அலகுகளுக்குப் பிடிப்பு வேண்டாம் என்று 2018-இல் முடிவெடுத்தது. முதல் ஆலையை நடத்திப் பார்த்தவரே இரண்டாவதைக் கட்ட மறுத்தது எனக்கு மற்ற எல்லா எண்களையும்விடக் கனமான தகவலாகத் தெரிகிறது.

மற்றொன்று அமெரிக்காவின் டெக்சாஸில் பெட்ரா நோவா. ஒரு பெரிய அலகின் புகையில் 240 மெகாவாட் அளவுக்கு ஈடான பகுதியை மட்டும் பிரித்து, 2017 தொடக்கத்திலிருந்து ஆண்டுக்கு 14 லட்சம் டன் பிடிக்கும் திறனோடு, ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் கட்டினார்கள். பொறியியலாகப் பார்த்தால் இது பவுண்டரி டேமைவிட நன்றாகவே நடந்தது. நீராவியை நிலக்கரி அலகிலிருந்து எடுக்காமல் தனியாக ஓர் எரிவாயு டர்பைனை வைத்துக்கொண்டார்கள். அலகின் திறன் குறையவில்லை, ஆனால் அந்த டர்பைனின் புகை பிடிக்கப்படாமல் வானில் கலந்தது. பிடித்த வாயு சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எண்ணெய் வயலுக்குப் போய், எஞ்சிய எண்ணெயை வெளியே தள்ள உதவியது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் ஆலை நிறுத்தப்பட்டது. 2023 செப்டம்பரில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. கரைசலும் கோபுரமும் நன்றாக இருந்தும் வருமானம் எண்ணெயைச் சார்ந்திருந்ததால் மூன்றாண்டு சும்மா கிடந்த ஆலை அது.

எரிக்கும் முன் பிரித்தல்

அறிவுக்கு மிக அழகாகப்படுவது வாயுவாக்கம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலக்கரியை அளவான ஆக்சிஜனோடும் நீராவியோடும் உயர் அழுத்தத்தில் வினைபுரியச் செய்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. மேலும் நீராவி சேர்த்தால் கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், இன்னும் ஹைட்ரஜனாகவும் மாறும். இந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு செறிவாகவும் அழுத்தத்தோடும் இருப்பதால் பிரிப்பது எளிது. மிஞ்சும் ஹைட்ரஜனை டர்பைனில் எரித்தால் மின்சாரம் கிடைக்கும்.

இந்த அழகு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கெம்பர் மின் நிலையத்தில் கலைந்தது. உத்தேசத்தில் 300 கோடி டாலருக்குக் கீழே இருந்த செலவு 750 கோடி டாலரை எட்டியது. கார்பனில் 65 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டிய அந்த 582 மெகாவாட் நிலையத்தின் வாயுவாக்கும் பகுதியை 2017 ஜூனில் நிறுத்தினார்கள். நிலையம் இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. 2013-இல் இண்டியானாவில் தொடங்கிய எட்வர்ட்ஸ்போர்ட் நிலையமும் சுமார் 350 கோடி டாலரை விழுங்கியது; அதில் கார்பன் பிடிப்பே இல்லை. நெதர்லாந்தின் பூக்கெனம் வாயுவாக்க நிலையம் இருபது ஆண்டு ஓடி, 2013-இல் மூடப்பட்டது.

ஆனால் இதே வேதியியல் வட டகோட்டாவின் கிரேட் பிளெயின்ஸ் ஆலையில் 1984 முதல் நடந்து வருகிறது. அங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து செயற்கை எரிவாயுவும் உரமும் செய்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் பிரிந்த கார்பன் டை ஆக்சைடைக் குழாய் வழியாகக் கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலுக்கு அனுப்புகிறார்கள். வேதிப்பொருள் செய்யும் ஆலை ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடலாம். மின் நிலையமோ தேவைக்கேற்ப ஏறி இறங்க வேண்டும். வாயுவாக்கி, ஆக்சிஜன் ஆலை, கழுவும் கோபுரம், டர்பைன் ஆகியவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் அமைப்பில் ஒன்று தும்மினாலும் மற்றவை படுத்துவிடும். ஆகவே மின்சாரம் ஒன்றே நோக்கமென்றால் வாயுவாக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பழைய கொதிகலனில் இதைப் பொருத்தவும் முடியாது என்பதால், நமது அலகைப் பொறுத்தவரை இது புதிய நிலையம் கட்டுவதற்குச் சமம்.

தூய ஆக்சிஜனில் எரித்தலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை முதலிலேயே விலக்கிவிட்டால் புகையில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமே மிஞ்சும். குளிர்வித்தால் நீர் இறங்கிவிடும். செலவு முழுவதும் ஆக்சிஜனில் இருக்கிறது. நமது அலகுக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் டன்னை நெருங்கும் ஆக்சிஜன் வேண்டும். டன்னுக்கு 200 யூனிட் என்று வைத்தால் அதற்கே 80 மெகாவாட் போகும். ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸ பும்பவில் 2008 முதல் 2014 வரையும், ஆஸ்திரேலியாவில் காலைடு நிலையத்தில் 2012 முதல் 2015 வரையும் சோதனை ஆலைகள் ஓடின. இரண்டும் தொழில்நுட்பம் செயல்படும் என்று காட்டின; இரண்டுக்கும் பின்னால் வணிக நிலையம் வரவில்லை.

வாயுவை எங்கே வைப்பது?

கோபுரங்களைப் பற்றி எழுதுவதில் உள்ள ஆர்வம் நிலத்தடியைப் பற்றி எழுதுவதில் யாருக்கும் இருப்பதில்லை. பிடித்த வாயு 31 டிகிரிக்கும் 74 பாருக்கும் மேல் திரவத்தைப் போல அடர்ந்துவிடுகிறது. சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இந்த நிலை இயல்பாகவே கிடைக்கும். அங்கே நுண்துளைகள் நிறைந்த மணற்பாறையும், அதன்மேல் ஊடுருவ முடியாத மூடுபாறையும் வேண்டும். நார்வே 1991-இல் கார்பன் வரி விதித்ததை அடுத்து, வடகடலின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் பல ஆண்டுகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் கடலடிப் பாறைக்குள் செலுத்தப்பட்டது. அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004-இல் தொடங்கிய செலுத்துதல், மூடுபாறையின் உறுதி பற்றிய ஐயத்தால் 2011-இல் நின்றது. எல்லாப் பாறையும் ஸ்லெய்ப்னரின் பாறை ஆகிவிடாது.

நமது அலகு ஆண்டில் 80 விழுக்காடு நேரம் ஓடினால் பிடிக்கப்படுவது சுமார் 30 லட்சம் டன். மூன்று ஸ்லெய்ப்னர்களுக்குச் சமம், அதுவும் ஒரே அலகுக்கு. எண்ணெய் வயல் கிடைத்தால் வருமானம் வரும் என்பது உண்மை. ஆனால் வெளிவரும் எண்ணெய் எரியும்போது ஒரு பீப்பாய்க்கு 0.4 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். குழாயின் பாதையில் மக்கள் வசிக்கிறார்கள் என்பதும் மறக்கத்தக்கதன்று. 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே, கனமழையால் மண் சரிந்து கார்பன் டை ஆக்சைடு குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான ஊரை நோக்கி இறங்கியது. ஆக்சிஜன் போதாமல் வண்டிகளின் என்ஜின்கள் நின்றன. 45 பேர் மருத்துவ உதவி நாடினார்கள்.

அந்த அலகுக்கும் ஆய்வுப் பணத்துக்கும்

முப்பது வயது, 36 விழுக்காட்டுத் திறன். இந்த அலகுக்குப் பிடிப்பு ஆலை பொருத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். திறன் குறைந்த அலகில் ஒரு யூனிட்டுக்குப் பிடிக்க வேண்டிய டன் அதிகம். போட்ட முதலைத் திருப்பி எடுக்க ஆண்டுகள் குறைவு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகும் மின்தொகுப்பில் நிலக்கரி அலகுகள் ஓடும் மணிநேரமும் சுருங்குகிறது. 80 விழுக்காடு 40 ஆனால் ஒவ்வொரு டன்னின் மீதும் விழும் முதலீட்டுச் சுமை இரட்டிப்பாகும். அதை இடித்து உயர்திறன் அலகு கட்டுவதும், சேமிப்புப் பாறை உறுதியாகாத வரை, நாற்பது ஆண்டுக் கடனைக் கையெழுத்திடுவதே. உச்சத் தேவைக்கான இருப்பாகச் சில ஆண்டு வைத்திருந்து மூடிவிடுவதுதான் இங்கே பொருந்தும் முடிவு.

பத்து வயதுக்குட்பட்ட, 42 விழுக்காட்டுக்கு மேல் திறனுள்ள அலகு, நூறு கிலோமீட்டருக்குள் சோதித்தறிந்த பாறை, கார்பனுக்கு நிலையான விலை அல்லது அமெரிக்காவில் 2022-இன் சட்டம் டன்னுக்கு 85 டாலர் வரை உயர்த்திய வரிச்சலுகை போன்ற ஏற்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டுமே எரித்த பின் பிடித்தலுக்கு வாய்ப்புண்டு. சீனாவில் ஜியாங்சு மாகாணத்தின் தைஜோவில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் ஆலை 2023-இல் ஓடத் தொடங்கியது. இளமையான அலகுகள் இத்தனை குவிந்திருக்கும் நாடு வேறில்லை என்பதால், இந்த வழியின் எதிர்காலம் பெருமளவு அங்கேயே தீர்மானிக்கப்படும் என்று நினைக்கிறேன்.

ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது வேறு கேள்வி. அலபாமாவின் வில்சன்வில்லில் உள்ள தேசியக் கார்பன் பிடிப்பு மையத்திலும், நார்வேயில் 2012-இல் திறந்த மோங்ஸ்டாட் சோதனை மையத்திலும் உண்மையான புகையில் கரைசல்களை ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். வேறு வழியே இல்லாத சிமெண்ட் ஆலைக்கும் இந்த அறிவு பயன்படுகிறது. நார்வேயின் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமீன் ஆலை 2025-இல் திறக்கப்பட்டது, அந்த வாயு கப்பலில் ஏறிக் கடலடிக்குப் போகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால், எரிபொருளை மாற்றினாலும் சிமெண்டுக்கு விடிவில்லை. மின்சாரத்துக்கு மாற்று உண்டு. ஆகவே கரைசல் ஆய்வுக்கும் பாறை ஆய்வுக்கும் பணம் போகட்டும். புதிய வாயுவாக்கி மின் நிலையத்துக்குப் போக வேண்டாம்.

இரண்டிலும் பாறைக்கே முதலிடம் தருவேன். நில அதிர்வு ஆய்வு செய்து, சோதனைக் கிணறு தோண்டி, செலுத்திப் பார்த்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். கோபுரம் கட்டுவதற்கு அதைவிடக் குறைந்த காலம் போதும். பிடிப்பு ஆலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் கோப்பு மேசைக்கு வரும்போது, அதோடு சோதனைக் கிணற்றின் அறிக்கை இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்பலாம்.